கூடப் போன பெயர்

இதைச் சொன்னால், "சரியாத் தூங்கறது இல்லியா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். இது நடந்தது. என் கண் முன்னால் நடந்தது.

முதலியார்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டருக்குக் கட்டளை தட்டும் கறுப்புத் திரை இருக்கிறதே, ஷெல் என்பார்கள், அதுதான் எங்கள் வேலை. அதில் ஒரு கோளாறு. கன்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினால் கடைசி வார்த்தை மட்டும் அழிய வேண்டும். பக்கத்து வார்த்தையும் கூடவே போனது. அதைச் சரிசெய்ய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பாக்யலட்சுமி, எங்கள் மகள் அபியைக் கூட்டிக்கொண்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயிருந்தாள்.

சோதித்துப் பார்க்க அவரவர் பிள்ளையின் பெயரைத் தட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். கூட வேலை பார்க்கும் தேவதாஸ் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. "எனக்கு யாருப்பா இருக்கா? என் பேரையே போட்டுக்க" என்பார். போட்டுக்கொள்வோம்.

தட்டினேன். தேவதாஸ் அபி சோதனை.

அழித்தேன். 'சோதனை' போனது. கூடவே 'அபி'யும் போனது.

அதுதான் கோளாறு. புரோகிராமில் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். மறுபடி தட்டினேன்.

தேவதாஸ். திரையில் விழுந்தது.

அபி... விழவில்லை.

வேறு எதைத் தட்டினாலும் திரையில் வந்தது. என் பிள்ளையின் பெயர் மட்டும் வரவில்லை.

மணி ஆறு நாற்பது. பாக்யாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

டக்.

கீபோர்டில் என் கை இல்லை.

டக்... டக்...

'தேவதாஸ்' ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது.

அந்த இடத்தில்...

அபி.

பாக்யாவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பாவ அலை இழுத்துட்டுப் போயிடுச்சிங்க... இப்பத்தான் கரையில கொண்டாந்து போட்டுச்சு. மூச்சு இருக்கு. ஒடனே வாங்க."

ஓடினேன். அபி நடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கட்டிப்பிடித்து அழுதேன்.

மறுநாள் காலையில் தேவதாஸ் அண்ணன் இறந்த செய்தி வந்தது. வில்லியனூரில், உள்ளே தாழ் போட்ட வீட்டில், கட்டிலில் கிடந்திருக்கிறார். அவர் தம்பி கமலக்கண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கதவ ஒடச்சித்தான் உள்ள போனோம். கடலு எங்க இருக்கு, எங்க வீடு எங்க இருக்கு... அண்ணன் வாயெல்லாம் உப்புத் தண்ணி. மணலு."