இருபத்தெட்டு ஒற்றையான நாள்

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வரியை நேராகத்தான் தொடங்குகிறேன்... போகப் போகப் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. எழுதக் கற்று எட்டு மாதம்தான். வாரம் ஒரு தாள் எழுதுகிறேன்; ஞாயிற்றுக்கிழமை மகள் செல்வி வந்து, அதை அப்படியே போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் போடுவாள்.

அட்டன் டவுனில் செல்வி படித்த கம்ப்யூட்டர் வகுப்பு... செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். சிமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். இது நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். செல்விக்கு அன்று கடைசிச் சோதனை. பாஸானால் அங்கேயே உதவி டீச்சர் வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமை கொழும்புக்கு, கார்மென்ட் வேலைக்கு. அவள் அம்மா பையைக்கூடக் கட்டிவைத்துவிட்டாள்.

எண்ணைக் கொடுத்தால் ஒற்றையா, இரட்டையா என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் செய்த புரோகிராம். அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது எனக்கு விளக்கினாள்.

"ரெண்டு ரெண்டா ஜோடி சேக்கணும்ப்பா. ஒண்ணு மிஞ்சினா ஒத்த. மிஞ்சலேன்னா ரெட்ட."

"அட, காலையில பெரட்டுக்களத்துல வேலைக்கு ஜோடி ஜோடியா ஆள் பிரிக்கிற மாதிரிதானே! இதுக்கா ஆறு மாசம் படிச்ச?"

"கம்ப்யூட்டர் என்னைக்குப்பா பெரட்டுக்கு வந்துச்சு? நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

பதில் இங்கிலீஷில் வருமாம். ஒற்றைக்கு மூன்று எழுத்து, இரட்டைக்கு நான்கு. எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. அந்த மூன்றையும் நான்கையும் மட்டும் பிடித்துக்கொண்டேன்.

செய்தவர் கையால் போட்டுப் பார்த்தால் பிழை தெரியாதாம். வகுப்பு நடத்துகிற யாழ்ப்பாணத்து மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, ஒரு இலக்கம் அடியுங்கோ. என்ன வருதெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ."

தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீட்டு நம்பர் இருபத்தெட்டு. அதையே அடித்தேன். பயத்தில் பதிலை மட்டும்தான் பார்த்தேன். எண்ணினேன்...

மூன்று எழுத்து!

இருபத்தெட்டு இரட்டை, நான்கு வர வேண்டும். பிள்ளை தப்பாகச் செய்துவிட்டாளே...

"ரெட்டன்னு வந்திருக்குங்க சேர்," என்றேன், சத்தமாக.

வகுப்பே சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

"அப்பா... எட்டோட ஒம்போதையும் சேத்து அமுக்கிட்டீங்க. இருநூத்தி எம்பத்தொம்போது. ஒத்தன்னு சரியாத்தான் வந்திருக்கு."

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தடித்த விரல். ஒரு பட்டனில் அடங்கவில்லை.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "வாசிக்கத் தெரியாதோ ஐயா?"

"தெரியாதுங்க. மூணு எழுத்துன்னு மட்டும் தெரிஞ்சிச்சு. புள்ளைய பெயிலாக்கிருவீங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் சோதனைத் தாளை இழுத்தார். பிறகு, "பொய் சொன்னது நீங்கள்தான் ஐயா. பிள்ளையின்ர புரோகிராம் பொய் சொல்லேல்லை," என்று சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வி என் கையை விடவே இல்லை.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன். ஒற்றை, தமிழிலும் மூன்று எழுத்து. இரட்டை, நான்கு! இத்தனை வருடம் பாடம் நடத்துகிற செல்விக்கே இது தெரியாது.

நேற்று அவள் போனில் ஒரு வரி அனுப்பியிருந்தாள். எழுத்துக்கூட்டி வாசித்தேன். "அப்பா, இங்கே மழை, நான் வர லேட்டாகும்." அவ்வளவுதான். அன்று என் பயத்தைத்தான் வாசித்தேன்... இப்போது அவள் எழுதியதை வாசிக்கிறேன்.

இந்தத் தாளுக்கு நாலு நாள் ஆனது. அடுத்த வாரத் தாளை மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.