ஹமாடாவின் கைக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம்

ஆனந்தவல்லி ஆக்லாந்தின் நியூ லின் பகுதியில் ஒரு சிகிச்சை மையத்தில் கைகளைப் பார்ப்பவள். பக்கவாதத்தில் சோர்ந்த விரல்களும், முறிந்து கட்டுப் பிரித்த மணிக்கட்டுகளும்தான் அவளுடைய உலகம். புதிதாக யார் வந்தாலும், இந்தக் கையால் மறுபடி என்ன செய்ய ஆசை என்று கேட்பாள். சட்டைப் பித்தான் போட வேண்டும், கார் ஓட்ட வேண்டும் என்பார்கள்.

ஹமாடா மட்டும், "சாக்கே குடிக்கணும்" என்றார்.

ஆக்லாந்தில் வெகுகாலம் மீன்கடை நடத்திய ஜப்பானியர் அவர். சாயங்காலம் மனைவி ஃபூமிகோவோடு உட்கார்ந்து, அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கும் அந்த மதுவைச் சின்னக் கிண்ணத்தில் குடிப்பது வழக்கம். பக்கவாதம் வந்து வலது கையின் பிடி தளர்ந்தது. கிண்ணங்கள் நழுவி உடைந்ததும் மகள் பிளாஸ்டிக் கோப்பை வாங்கித் தந்தாள். அவர் குடிப்பதையே விட்டுவிட்டார்.

"பிளாஸ்டிக்ல வாய் வச்சா பல் தேய்க்கிற ஞாபகம்தான் வருது" என்றார்.

வல்லி மதுவைத் தொட்டவள் அல்ல. ஆனாலும் அவர் கைக்கேற்ற ஒரு கிண்ணம் தேடித் தர முடிவு செய்தாள். விஷயத்தைக் கேட்டுக் கணவன் பார்த்தீபன் சிரித்தான். "சாராயக் கிண்ணம் வாங்கப் போறேன்னு ஊர்ல அம்மாகிட்ட சொல்லிடாதே."

"பேஷன்டுக்குப் பார்க்கிறேன். நீயே வேணா சொல்லிக்கோ" என்றாள்.

சனிக்கிழமை ஹமாடாவைத் தனிஷாவின் பட்டறைக்கு அழைத்துப் போனாள். கண்ணாடி ஊதிப் பாத்திரம் செய்யும் பிஜி இந்தியப் பெண் தனிஷா. அலமாரியிலிருந்து வல்லி தடிமனான, வரி வரியான ஒரு கிண்ணத்தை எடுத்தாள். "இது வழுக்காது."

ஹமாடா மரியாதைக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். "ஆஸ்பத்திரி நினைப்பு வருது."

வல்லிக்குச் சுருக்கென்றது. விரலைப் பற்றி யோசித்தவள் உதட்டை மறந்துவிட்டாள். "சரி, நீங்களே எடுங்க."

அவர் ஒவ்வொரு விளிம்பையும் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே மெல்லியதை எடுத்தார். தனிஷா தண்ணீர் ஊற்றினாள். வாய்க்குப் போகும் வழியில் கிண்ணம் சாய்ந்தது, வல்லி பிடித்துக்கொண்டாள். அவருடைய சட்டைக் கையெல்லாம் ஈரம்.

மறுபடி எடுத்தபோது அவர் இடது உள்ளங்கையை அடியில் ஏந்தினார். "யாராவது ஊத்தும்போது நாங்க இப்படித்தான் வாங்கிக்குவோம். அது மரியாதை."

கிண்ணம் அசையவில்லை.

"அப்படியே குடிங்க" என்றாள் வல்லி. பையிலிருந்து விரல் பயிற்சிக்கான பிசைந்த மாவு போன்ற உருண்டையை எடுத்து அவரைப் பிடிக்கச் சொன்னாள். விரல்கள் அதில் பள்ளமாகப் பதிந்தன. "விளிம்பு மெல்லிசாவே இருக்கட்டும். அடி கனமா, இந்தப் பள்ளங்களோட செய்ய முடியுமா?"

தனிஷா உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செஞ்சு பார்க்கிறேன்" என்றாள்.

முதல் கிண்ணம் ஆறும்போது விரிசல் விட்டது. அடுத்தது இளம்பச்சையாக நன்றாக வந்தது.

ஹமாடா வல்லியை வீட்டுக்கு அழைத்தார். முதலில் இரு கைகளாலும் சாடியைப் பிடித்து ஃபூமிகோவுக்கு ஊற்றினார். மேஜையில் கொஞ்சம் சிந்தியது. அவள் துடைக்கவில்லை, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் ஊற்ற, அவர் பள்ளங்களில் விரல் பதித்து, அடியில் கை ஏந்தி, கடைசித் துளிவரை குடித்தார்.

வல்லிக்கும் கொஞ்சம் ஊற்றினார்கள். மோந்து பார்த்தாள்; நீராகார வாசனை. உதட்டை நனைத்துவிட்டு, "எனக்கு ஒத்துவராது" என்றாள். ஹமாடா சிரித்தபடி அதையும் வாங்கிக் குடித்தார். ஃபூமிகோ சுட்ட கத்தரிக்காயைத் தட்டில் வைத்தாள். மூவரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.