மூச்சக்காவின் கேமரா கடை

கேமராவை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, மேசைமேல் கண்ணாடித் தொட்டியில் சுற்றும் ஒற்றை மீனைப் படமெடுக்கச் சொல்வாள் கடைக்காரி. மீனையும் பார்க்க மாட்டாள், படத்தையும் பார்க்க மாட்டாள். பார்ப்பது அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானை. விரல் விசையை அழுத்தும்போது பொத்தான் ஏறி இறங்கினால் கேமரா விலைக்கு உண்டு. அசையாமல் நின்றால், சிரித்தபடியே பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவாள்.

"இன்னும் பத்து தடவ வெறுங்கையோட கடலுக்குள்ள போய்ட்டு வாங்க. கேமரா எங்க ஓடிடப் போகுது?"

முதுகில் காற்று உருளை கட்டிக் கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவைப் புதிதாகக் கற்றவர்கள் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடை முழுக்க ரப்பர் வாடை. கேமராவை மூடும் தண்ணீர் புகாத பெட்டியின் ரப்பர் வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே, அதில் ஒட்டித் தண்ணீரைக் கசியவிடும் ஒற்றை முடியையும் எடுத்துவிடுவாள். பெரிய பெட்டி, இரட்டை விளக்கு என்று ஆசைப்படுகிறவர்களிடம், "ரெண்டு கையும் ரொம்பிட்டா, முகமூடில தண்ணி பூந்தா எதால சரி பண்ணுவீங்க?" என்பாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கேமரா, மணிக்கட்டில் ஒரு கயிறு, ஒரு சின்ன டார்ச், அவ்வளவுதான். டார்ச் எதற்கு என்று கேட்டால், சாவகாசமாகச் சொல்வாள்: "கீழ போகப் போக செவப்புதான் மொதல்ல காணாமப் போகும். பத்தாள் ஆழத்துல ரத்தங்கூட பச்சையாத்தான் தெரியும்."

அன்று வந்தது அவளுடைய சொந்தத் தம்பி. ஒன்பது முறை மூழ்கி எழுந்தவன். மறுநாள் காலை படகு. மீனைப் படமெடுத்தான். பொத்தான் நின்றுவிட்டது.

"குடு இங்க."

"ஊரையே ஏய்க்கிற வித்தைய எங்கிட்டயும் காட்டாதக்கா. கை ஆடக் கூடாதுன்னு ஒரு நொடி மூச்ச அடக்கினேன். குமிழி விட்டா மீன் ஓடிடும்ல?"

அவளுடைய கணவரும் இதையேதான் சொல்வார், வார்த்தை மாறாமல்.

"மூச்ச இழுத்துப் புடிச்சா உடம்பு பலூன் மாதிரி மேல ஏறும்டா. உள்ள காத்து விரியும். நுரையீரல் கிழிஞ்சிடும்."

"மாமா வச்சிருந்தது ஓட்டை டப்பா, அதான் அப்படி ஆச்சு. இது புதுசு."

"அந்த டப்பாக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி ஏறல."

மேல் தட்டிலிருந்து ஒரு சின்னக் கேமராவை எடுத்தாள். கணவர் உயிரோடு திரும்பாத நாளில் கடலடி மணலிலிருந்து கிடைத்தது, ஏழு வருடமாக யாருக்கும் காட்டாதது. மேசைமேல் வைத்து, அதில் பதிவாகியிருந்த படத்தை ஓடவிட்டாள்.

மூச்சு இழுக்கும் சத்தம், குமிழிகளின் களகளப்பு, மறுபடி மூச்சு. பாறை இடுக்கில் மஞ்சள் வரிபோட்ட மீன் ஒன்று. கேமரா அதை நெருங்கியது. களகளப்பு நின்றது.

மீன் ஓடவில்லை. படம் ஒருமுறை குலுங்கியது, உருண்டது, மணலில் சாய்ந்து படுத்தது. கொஞ்ச நேரம் நீலம் மட்டும். பிறகு அதே மீன் தயங்கித் தயங்கி வந்து, லென்சுக்குள் எட்டிப் பார்த்தது. வாயைத் திறந்தது, மூடியது. சத்தமே இல்லை.

"போதும்க்கா." தம்பி நிறுத்தக் கை நீட்டினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினாள்.

"இரு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

மற்றொரு கையால் சத்தத்தைக் கூட்டினாள்.