ஹாரனுக்குப் பின் நான்கு விநாடி

நூலகத்தில் புதிதாக வந்த புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது குன்னூர் டாக்சி ஸ்டாண்டிலிருந்து பாபு அழைத்தான். "அக்கா, நம்ம நாகண்ணன் போயிட்டாருங்க. காலைல கடையத் தொறந்துட்டு ஸ்டூல்ல உக்காந்தவரு, அப்படியே..." நெஞ்சுவலியாம். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்தது: கடையில் பிரித்துப் போட்டிருந்த வண்டி யாருடையது, அதன் குறையைக் கண்டுபிடித்துவிட்டாரா? அவரும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் உங்களில் பலருக்கு நாகராஜ் அண்ணனை என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் ஜீப்புகளிலும் வேன்களிலும் ஸ்பீக்கர் மாட்டியவர், ஆம்ப்ளிஃபையர் பூட்டியவர், "காசு மிச்சமிருந்தா முதல்ல டயர் மாத்துடா" என்று திட்டி அனுப்பியவர். உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அது உங்கள் வண்டிகளிலும் இருக்கிறது.

நான் முதன்முதலில் அந்தக் கடைக்குப் போன நாளில் பாபுவின் வேன்தான் முன்னால் நின்றது. ஒரு கதவின் ஸ்பீக்கரை அவனே புதிதாக வாங்கி மாட்டியிருக்கிறான். மாட்டிய நிமிடத்திலிருந்து பாட்டின் அடி அதிர்வான பேஸ் மொத்தமாகக் காணாமல் போய்விட்டது.

"ஆம்ப்ளிஃபையர் செத்துருச்சுங்ணா" என்றான்.

"டாக்டர் சொல்லிட்டாரு, அப்ப எடுத்துப் பொதைச்சரலாமா?" என்று கேட்டுக்கொண்டே நாகண்ணன் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்தார். ஒரு ஸ்பீக்கரின் வயர்களில் வைத்தார்; அதன் காகிதக் கூம்பு வெளியே எம்பியது. அடுத்ததில் வைத்தார், உள்ளே போனது. "பாத்தியா? இவன் மூச்சு விடறப்ப அவன் மூச்சு இழுக்கறான். ரெண்டு பேரும் சண்டை போட்டா பேஸ் எங்கடா வரும்?" இரண்டு வயர்களை இடம் மாற்றி மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டார். கடையின் கண்ணாடி அதிர்ந்தது. பாபு தெருவிலேயே ஒரு குதி குதித்தான். ஒரு துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தைக் கண்ணால் பார்த்ததுபோல எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

என் முறை வந்தது. பழைய கார்தான், ஆனால் நானே சம்பாதித்து வாங்கியது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்லூரியில் நூலகர் வேலை. தினமும் குன்னூரிலிருந்து மலையிறங்கி ஏற வேண்டும். "உனக்கு ஒண்ணுன்னா சாவி என் கைக்கு வந்துரணும்" என்ற நிபந்தனையோடுதான் அம்மா சம்மதித்திருந்தாள். சாவி போனால் விடுதி அறை, விடுதிச் சோறு. அந்தக் காரில் இடது பக்கச் சத்தம் மட்டும் குறைவாகவே கேட்டது. கீழே ஒரு கடையில் ஸ்பீக்கரை மாற்றினார்கள். அப்புறம் பெரிய ஆம்ப்ளிஃபையர் போட்டார்கள். எதற்கும் அது மசியவில்லை.

நாகண்ணன் முதலில் கதவைத்தான் பிரித்தார். "நம்மூர்ப் பனி காயிதக் கூம்பை ஊற வெச்சுருமுங்க அம்மிணி." அது காய்ந்தே இருந்தது. பிறகு இடது வயரை வலதுக்கும், வலது வயரை இடதுக்கும் மாற்றினார். "குறை எது கூட நகருதோ, அதுலதாங்க இருக்கும்" என்றார். குறை நகரவில்லை; இடது பக்கத்திலேயே நின்றது. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். நகரவில்லை. புதிதாக வயர் இழுத்தார். நகரவில்லை. ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்கார்ந்து கேட்பார், பிறகு நான். அவருக்கு இரண்டும் சமமாகக் கேட்டன. எனக்கு இல்லை. மனிதர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கீழே போட்டார்.

"அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. சீட்டுல முட்டி போட்டு, பின்னாடி பாத்துத் திரும்பி உக்காருங்க."

பாபு சிரித்தான். அவனை டீ வாங்க விரட்டிவிட்டு நாகண்ணன் பாட்டைப் போட்டார். நான் திரும்பி உட்கார்ந்தேன். இடது பக்க ஸ்பீக்கர் முழங்கியது. வலது பக்கம் செத்துக் கிடந்தது.

குறை நகர்ந்துவிட்டது. என்னோடு நகர்ந்துவிட்டது.

இத்தனை வருடம் போனை வலது காதிலேயே வைத்தது, வகுப்பில் இடது ஓரத்து பெஞ்சையே தேடிப் பிடித்தது, எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் காரணம் தெரிந்தது. "நான் செவிடுன்னு சொல்றீங்களா?" என்று கத்தினேன். அவர் பாட்டை நிறுத்தினார். பாபு டீயோடு வந்தபோது, "ஒரு வயர் லூசுடா, சரி பண்ணியாச்சு" என்றார். நான் டீயைக் குடிக்காமலே கிளம்பினேன்.

கோயம்புத்தூரில் காது டாக்டர் பார்த்துவிட்டு, சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததில் இடது காது போயிருக்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடி நாகண்ணன் கடைக்குப் போனேன். எங்கே காணோம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"டாக்டரு வண்டி ஓட்டலாம்னாருங்களா?"

"ஓட்டலாம். ஆனா ஹாரன் சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு எனக்குப் புரியாதாம்."

அவர் சட்டென்று சிரித்தார். "கொண்டை ஊசி வளைவுல எதிர்ல வர்றவன் பின்னே வானத்துல இருந்துங்களா வருவான்? முன்னாடி இருந்துதானுங்க வருவான். வர்றானா இல்லியான்னு தெரிஞ்சாப் போதும்."

அன்று முழுக்க அந்த மனிதருக்கு இருந்த உற்சாகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் பாட்டின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகக் கலந்து என் வலது பக்கத்துக்கே கொண்டுவந்தார். "ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னாடி சேத்து முறுக்குனா பொகைஞ்சுரும். முன்னாடியே கலக்கோணும், காபித்தூளு போடறதுக்கு முன்னாடியே பாலும் தண்ணியும் கலக்கற மாதிரி." எனக்கு மனப்பாடமான பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். அதில் ஒரு வயலின் உண்டு. அதுவரை அடுத்த வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் கேட்டிருந்தேன். அன்று என் காதருகே வந்து நின்று வாசித்தது. நான் கையைத் தட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு காரின் பாட்டுச் செட்டின் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயரைக் காட்டினார். போன் வந்தால் பாட்டை நிறுத்துவதற்கான வயர். அதை ஹாரனோடு கோத்தார். ஹாரனை அழுத்திவிட்டால் பாட்டு நின்றுவிடும்; நான்கு விநாடி கழித்துத்தான் திரும்ப வரும். "இறங்கறப்ப நீங்க அடிங்க. ஏறி வர்றவனுக்குத்தான் வழி, அவன் பதிலுக்கு அடிப்பான். அதைக் கேக்கறதுக்கு நாலு செகண்டு."

ஆமாம், உங்கள் வண்டிகளில் இருக்கும் அதே நான்கு விநாடிதான். வேலை பிடித்துப்போய் எல்லோருக்கும் மாட்டினார். "பாட்டுக்கெல்லாமா பிரேக்கு வைப்பாங்க?" என்று பாபு கேலி செய்தபோது, "பேஸ் வேணும்னா மௌனத்தையும் சேத்து வாங்கிக்கோணும்" என்றார். முதலில் யாருக்காகச் செய்தது என்று நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள். ஒருமுறைகூட அவர் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் மட்டும், போகும்போதெல்லாம், "ஊட்டுல சொல்லிட்டீங்களா அம்மிணி? நான் ஒருத்தன் மட்டும் தெரிஞ்சு வெச்சிருக்கறது நல்லால்லீங்க" என்பார். "அடுத்த மாசம்ணா" என்பேன். அந்தச் சாவியை நினைத்தே மூன்று வருடம் சொல்லாமல் ஓட்டினேன்.

அவர் போன பிறகு இந்த மலையில் என் காது விஷயம் தெரிந்த ஆள் யாருமில்லை என்று ஆகிவிட்டது. பெரிய காரியம் முடிந்த ஞாயிறு, மங்குஸ்தான் பழம் வாங்க வேண்டுமென்று பர்லியாருக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு இறங்கினேன். அவள் வழக்கம்போல இடது பக்கத்தில், நான் வழக்கம்போல அவள் பேச்சுக்கெல்லாம் "ம்" போட்டுக்கொண்டு. மரப்பாலம் வளைவில் ஹாரனை அழுத்தினேன். பாட்டு நின்றது. பதில் ஹாரன் இல்லை.

"அம்மா, எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுல இருந்தே."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் உதடு அசைந்தது. அதற்குள் நான்கு விநாடி முடிந்து பாட்டு வந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. வளைவைத் தாண்டியாகிவிட்டது; நேரான சாலை, எதிரே ஒரு குரங்குகூட இல்லை. பாட்டை நிறுத்துவதற்காகவே ஹாரனை மறுபடி அழுத்தினேன்.

"வண்டிய ஓரங்கட்டுன்னு சொன்னேன்!"

நிறுத்தினேன். அம்மா இறங்கினாள். சாவிக்குத்தான் கை நீட்டப் போகிறாள் என்று அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் காரைச் சுற்றி வந்து, எனக்குப் பின்னால் இருந்த வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குதும்மா."

"அப்ப எடு. பழம் தீந்துரும்."

நாகண்ணா, குறை எதனோடு நகருகிறது என்று பார்க்கும் உங்கள் பழக்கமும் அந்த நான்கு விநாடியும் என்னிடம் இருக்கின்றன. ஊட்டுல சொல்லிட்டேன்.