இருபதடித் தெருவின் நடுக்கோடு

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் தெருவின் அகலம் இருபதடி. இதைத் தெருவாசிகளான நாங்களே ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஒப்புக்கொண்ட ஆண்டு எங்கள் தெரு மாவு மில்லுக்குள் தண்ணீர் வரவில்லை. அதனால் இதை நான் ஒரு வெற்றி வரலாறாகவே எழுதுகிறேன்.

எனக்கு எல்லைகள் மேல் ஒரு பித்து உண்டு. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிய காலத்தில்கூட மதிய உணவு வேளையில் பழைய வரைபடங்களையும் அரசிதழ்களையும் புரட்டிக்கொண்டிருப்பேன். நான் இந்த வீட்டுக்குக் குடிவந்தது 1997இல். காஞ்சிபுரம் மாவட்டம் தனியாகப் பிறந்ததும் அதே ஆண்டுதான். 2011இல் சென்னை மாநகராட்சி தன் எல்லையை விரித்தபோது பள்ளிக்கரணை வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. 2019 நவம்பரில், வீட்டைவிட்டு ஓரடி நகராமலே, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரன் ஆனேன். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி வந்தது. 2022 ஜனவரி முதல் தேதி எங்களுக்கென்று தனிக் காவல் ஆணையரகம் வந்தது. தபால்காரருக்கு மட்டும் நான் இன்றுவரை சென்னைவாசி.

இவ்வளவு கோடுகளில் எங்கள் வாழ்க்கையைத் தொட்டது ஒன்றே ஒன்று. அது எங்கள் தெருவின் நடுவே வடக்கு தெற்காகப் போனது. மேற்கு வரிசை வீடுகள் நகராட்சி; கிழக்கு வரிசை வீடுகள் பேரூராட்சி. நான் கிழக்கு வரிசை.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டை நாங்கள் மிகுந்த அக்கறையோடு பராமரித்தோம். மேற்கு வரிசைக்காரர்களுக்கு இது மூன்றாவது குறுக்குத் தெரு, எங்களுக்குக் கோயில் தெரு. இரண்டு பெயர்ப்பலகைகளும் தெருமுனையில் எதிரெதிரே நின்றன. மேற்கில் ஒரு நலச்சங்கம், கிழக்கில் ஒரு நலச்சங்கம். வாசல் பெருக்குகிறவர்கள் தெருவின் பாதி வரை பெருக்கி, அங்கேயே துடைப்பத்தைத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள். ஆகஸ்ட் பதினைந்தன்று இரண்டு கொடிக்கம்பங்கள் நடுவோம். அவர்களுடைய ஒலிபெருக்கியும் எங்களுடையதும் தேசிய கீதத்தைச் சில நொடி வித்தியாசத்தில் தொடங்கும். முதலில் முடித்த வரிசை அசையாமல் நின்று அடுத்த வரிசை முடிப்பதற்காகக் காத்திருக்கும். அந்த மரியாதையில் மட்டும் இரு தரப்பும் குறை வைத்ததில்லை.

தெரு தெற்கு நோக்கிச் சரிந்து போகிறது. சரிவின் கடைசியில், கிழக்கு வரிசையில், மாவு மில். அதை நடத்தும் பெண்மணியை எங்களைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் இறந்தபின் தனியாளாக மில்லை நிமிர்த்தியவர். கோதுமைக்கு ஒரு இயந்திரம், மிளகாய்க்கு ஒன்று, ஈரமாவுக்கு ஒன்று. வருடம் முழுவதும் வேலை இருந்தாலும், மில்லைத் தாங்குவது தீபாவளிக்கு முந்தைய வாரம்தான். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் இரண்டு வரிசையும் டப்பாக்களோடு வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அதே வாரத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். ஐப்பசி பிறந்தால் தெருத்தண்ணீர் எல்லாம் சரிந்து போய் அவர் வாசலில் தேங்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது தண்ணீர் உள்ளே புகுந்து, ஈரமாவு இயந்திரத்தின் மோட்டார் எரிந்துபோனது. மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது அக்கா படியில் உட்கார்ந்து, நனைந்த அரிசியைக் காக்கைகளுக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி தண்ணி வந்துச்சுனா மிஷினெல்லாம் எடைக்குப் போட்டுட்டு மவ வூட்டுக்கே போயிடுவேன் சார். பம்மல்ல ஒரு ரூம்பு காலியாதான் கீது. அவளும் வா வான்னுதான் சொல்லிகினு கீறா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. முடிவெடுத்துவிட்டவர்களின் குரல் அது. அடுத்த ஐப்பசிக்குள் தெருவில் மழைநீர் வடிகால் வந்தாக வேண்டும், இல்லையென்றால் மில் இல்லை.

மாநகராட்சி வந்தபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகின. எங்கள் நடுக்கோடும் கரைந்துவிடும் என்று நம்பி அன்று இனிப்பு வாங்கி வந்தவன் நான். கரையவில்லை. வேலைப் பங்கீட்டுக்கு ஏதாவது ஒரு கோடு எங்காவது போயாக வேண்டும். பழைய எல்லையே மண்டல எல்லையாகவும் வார்டு எல்லையாகவும் மறுபிறவி எடுத்தது. மேற்கு வரிசை ஒரு மண்டலம், நாங்கள் வேறு மண்டலம். எனவே இரண்டு சங்கங்களும் பழக்கம் மாறாமல் தனித்தனியாக மனு கொடுத்தன. இருவருக்கும் ஒரே பதில் வந்தது: தெருவின் அகலம் வடிகால் அமைக்கப் போதாது.

எதிர்வரிசைச் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எங்கள் சங்கச் செயலாளர் இந்த ஊரின் பழைய குடும்பம். இந்த மனைகள் எல்லாம் வயலாக இருந்தபோது உழுதவர்கள். இப்போது சிமெண்ட், கம்பி வியாபாரம். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டார்கள். மற்றவர் உள்ளே போய் ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டார் என்று இருவருமே என்னிடம் ரகசியமாகச் சொன்னார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் எங்கள் மண்டலத்தின் உதவிப் பொறியாளர் வேறு வேலையாக எங்கள் தெருவுக்கு வந்தார். இளம்பெண், தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேசுகிறவர். செயலாளர் அவரை மறித்து மில் வாசலுக்கு அழைத்து வந்தார். நானும் போனேன்.

"பத்தடி சந்துல வடிகாலைப் போட்டா மீதி இடத்துல வண்டி எப்படி சார் போகும்?" என்றார் பொறியாளர்.

"சந்தா? மேடம், இது ரோடு. கார் போவுது, தண்ணி லாரி போவுது."

"மனுல பத்தடின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா. நம்ம பக்கம் பத்தடி," என்றார் செயலாளர், கையால் தெருவின் நடுவே கோடு கிழித்துக் காட்டி. "அந்தப் பக்கம் இருக்கறது அவங்க பத்தடி. அதை நாம எப்படி எழுத முடியும்?"

பொறியாளர் தலைக்கவசத்தைக் கழற்றி வண்டியின் கண்ணாடியில் மாட்டினார். "அப்போ அவங்களும் பத்தடின்னுதான் எழுதியிருப்பாங்களா?"

எழுதியிருந்தார்கள். அன்று மாலையே எதிர்வரிசைத் தலைவரிடம் போய்க் கேட்டேன். "நேச்சுரலி. நம்ம ஜூரிஸ்டிக்‌ஷன்ல இல்லாத இடத்தை நாம எப்படி க்ளெய்ம் பண்றது?" என்றார். ஆக, காகிதத்தில் எங்கள் ஊரில் இரண்டு சந்துகள் இருந்தன. ஒன்றின் பெயர் கோயில் தெரு, மற்றதன் பெயர் மூன்றாவது குறுக்குத் தெரு. இரண்டும் வடிகாலுக்குத் தகுதியில்லாத பத்தடிச் சந்துகள். இவற்றை உருவாக்கியது எந்த அலுவலகமும் இல்லை. அடுத்தவர் இடத்தில் கை வைக்கக் கூடாது என்ற எங்கள் நாகரிகம்தான்.

பொறியாளர் வழி சொல்லிவிட்டுத்தான் போனார். முழுத் தெருவையும் ஒரே தெருவாக, ஒரே பெயரோடு, ஒரே மனுவில் கேட்க வேண்டும். இரண்டு வார்டுகளிலும் மக்கள் கூடும் பகுதி சபைகளில் அதே தீர்மானம் வர வேண்டும். அப்படி வந்தால் இரண்டு மண்டலப் பொறியாளர்களும் சேர்ந்து ஒரே மதிப்பீடு போடலாம். "ஆவணிக்குள்ள வந்தா மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம் சார். அதுக்கப்புறம்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்றால் என்ன என்பது மில் வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு சங்கங்களும் முதன்முறையாக ஒன்றாகக் கூடின. யார் வீட்டில் கூடுவது என்று முடிவாகாததால் ஞாயிற்றுக்கிழமை மதியம், இயந்திரங்கள் நின்ற பிறகு, மில்லிலேயே உட்கார்ந்தோம். எல்லோர் முழங்கையிலும் மாவு ஒட்டியது. மனு எழுதுவதில் தகராறே இல்லை. பெயரில்தான் நின்றது.

"கோயில் தெருன்னே போடலாம்," என்றார் எங்கள் செயலாளர். "எங்க தாத்தா காலத்துப் பேரு."

"கோயில் எங்க சார் இருக்கு? அடுத்த தெருவுல இருக்கு," என்றார் எதிர்வரிசைத் தலைவர்.

"சரி, உங்க முதல் குறுக்குத் தெரு எங்க கீது, ரெண்டாவது எங்க கீது, காட்டுங்க பாப்போம்."

"அது லேஅவுட் அப்ரூவல்ல இருக்கு."

"அப்ரூவல்ல இருந்தா அங்கயே வடிகாலும் போட்டுக்கங்க."

மிளகாய் நெடியில் யாரோ தும்மினார்கள். பேச்சு அரை மணி நேரம் இப்படியே போனது. அக்கா அதுவரை தேய்ந்துபோன அரவைக் கல்லைக் கொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உளியைக் கீழே வைத்தார்.

"தாம்பரம் ஸ்டேசன்ல இறங்கி ஆட்டோக்காரன் கிட்ட இன்னா சொல்லுவீங்க, ரெண்டு பேரும்?"

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மாவு மில் தெருன்னு," என்றார் தலைவர் கடைசியில்.

"நீங்க?"

"அதேதான்."

"அப்போ இன்னாத்துக்கு பேஜாரு?" என்று சொல்லிவிட்டு அக்கா உளியை எடுத்துக்கொண்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: கோயில் தெரு என்றும் மூன்றாவது குறுக்குத் தெரு என்றும் இதுவரை குறிக்கப்பட்டதும், மாவு மில் தெரு என்று அனைவராலும் அழைக்கப்படுவதுமான இருபதடித் தெரு. என் வாழ்க்கையில் எத்தனையோ வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். இதைப் போல ஒன்று எழுதியதில்லை.

அகலத்தை எங்கள் வாயால் சொன்னால் போதாது என்று அடுத்த வாரம் பொறியாளர்கள் இருவரும் அளக்க வந்தார்கள். நாடாவின் ஒரு முனையைத் தலைவர் மேற்குச் சுற்றுச்சுவரில் பிடித்தார். மறுமுனையைச் செயலாளர் கிழக்குச் சுவரில் பிடித்தார். "இழுத்துப் புடிங்க சார், உங்க பக்கம் தொங்குது," என்றார் செயலாளர். "உங்க கையை மேல தூக்குங்க, சரியாயிடும்," என்றார் தலைவர். இருபதடிக்கு இரண்டங்குலம் கூடுதலாகவே வந்தது. அந்த இரண்டங்குலம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்தன்று ஒரே கொடிக்கம்பம் நட்டோம், தெருமுனையில். தேசிய கீதம் ஒரே ஒருமுறை ஒலித்தது. அடுத்து பகுதி சபைகள். ஒரு வார்டுக்குக் காலையிலும் மற்றதற்கு மாலையிலும் நடந்தன. காலையில் மேற்கு வரிசைக்காரர்கள் எங்கள் சபைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஓட்டு அவர்களுக்கு அங்கே இல்லை, ஆனால் தீர்மானம் நிறைவேறியதும் கை தட்டினார்கள். மாலையில் நாங்கள் மூன்று ஷேர் ஆட்டோக்களில் நெருக்கிக்கொண்டு அவர்களுடைய சபைக்குப் போனோம். "இவ்ளோ பேரு எந்தத் தெரு?" என்று கேட்டார் அங்கிருந்த ஒருவர். "மாவு மில் தெரு," என்று நாலைந்து குரல்கள் சேர்ந்து சொன்னதை என்னால் மறக்க முடியாது.

ஆவணி கடைசியில் பள்ளம் தோண்டினார்கள். அகலவாட்டில் சரிவு கிழக்குப் பக்கம் என்பதால் வடிகால் எங்கள் வரிசையை ஒட்டி வந்தது. என் வாசற்படி போனது, செயலாளரின் செம்பருத்திச் செடி போனது. மேற்கு வரிசைத் தண்ணீர் வந்து சேரத் தெருவின் குறுக்கே குழாய்கள் பதித்தார்கள். வேலை நடந்த அத்தனை நாட்களும் எங்கள் வண்டிகள் மேற்கு வரிசை வீடுகளுக்குள் நின்றன. புரட்டாசி முடிவதற்குள் மூடிகள் போட்டு, தார் பூசி, வேலையை முடித்துக் கொடுத்தார்கள் அந்த இரண்டு பொறியாளர்களும். அவர்களுக்கு இந்தப் பக்கத்தில் என் நன்றி.

மழை வழக்கம்போலத் தீபாவளி வாரத்தில் வந்தது. மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. மில்லில் டப்பாக்கள் வாசல் வரை வரிசையாக இருந்தன. அக்கா ஈரமாவு இயந்திரத்தை நிறுத்தவில்லை, ஆனால் கண்களைத் தெருவைவிட்டு எடுக்கவும் இல்லை. புது மோட்டாரின் சுவிட்ச் பக்கத்திலேயே நின்றார். மேற்கு வரிசையில் வாசலுக்கு வாசல் ஆட்கள், கிழக்கு வரிசையிலும் அப்படியே. தண்ணீர் தெருவில் சரிந்து வந்தது, பழுப்பாக, வேகமாக, இலைகளையும் ஒரு செருப்பையும் இழுத்துக்கொண்டு. மில்லுக்கு முன்னால் இருந்த இரும்புச் சல்லடை மேல் ஒரு கணம் குமிழியிட்டுத் தயங்கியது. பிறகு பெரிய ஓசையோடு உள்ளே இறங்கியது. செருப்பு மட்டும் சல்லடை மேல் நின்றது.

ஒரு மணி நேரம் அடித்து ஊற்றியது. படியின் முதல் கல்கூட நனையவில்லை. சாரல்பட்ட ஈரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று மின்சாரமும் எங்கள் கட்சியில் இருந்தது. மழை சற்றுக் குறைந்ததும் அக்கா சுவிட்ச் பக்கத்திலிருந்து நகர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருடைய கைபேசி அடித்தது. பம்மலிலிருந்து மகள்.

"இல்லமா, வரல," என்றார். "தண்ணியா? தண்ணி அது பாட்டுக்குப் போவுது. நீ அரிசிய ஊற வெச்சு எடுத்துகினு வா, தீவாளிக்கு அரைச்சுத் தர்றேன். லைன்ல நிக்கணும், ஆமா. பெத்த பொண்ணா இருந்தாலும் லைன்லதான்."

கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மேனேஜர் சார், உங்க முறுக்கு மாவு ஆயிடுச்சு. வந்து எடுத்துக்கங்க. கால் நனையாது."

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டாமலே தெருவைக் கடந்து வந்தார்.