சும்மாத்தண்ணி

ஆற்றில் தோணி ஓட்டுகிறவனுக்கு மீன் படாத நாளைவிடக் கெட்ட நாள், கேள்வி கேட்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற நாள்தான். மீன் படாவிட்டால் பேசாமல் வீட்டுக்கு வரலாம். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால் அது எங்கேயோ எழுதப்பட்டு, சில வருடம் கழித்து உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். பேனையும் தாளுமாக வந்தவர்களிடம் அகப்பட்டு, வாயைத் திறந்து கெட்டுப்போனவர்கள் உங்களிலும் இருப்பார்கள். இது நமக்குள் பேசிக்கொள்வது.

நான் காத்தான்குடி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். மட்டக்களப்பு வாவியில் இருக்கிற உயிர்களைப் பாதுகாக்க மூன்று நாடு சேர்ந்து ஒரு வேலை தொடங்கினபோது, ஆழம் தெரிந்த தோணிக்காரன் வேண்டும் என்று கேட்டார்கள். ஊர் என்னைக் காட்டிவிட்டது. யார் முதலில் கையை நீட்டினது என்று எனக்குத் தெரியும். அது இருக்கட்டும்.

காக்கா

முதல் நாள் வந்தவர் நோர்வேக்காரர். லார்ஸ் என்று பெயர். எங்கள் வாய்க்கு அது லாசர் என்றுதான் வந்தது. தோணியில் இருக்க வேண்டுமென்றால் காலை இரண்டு மூன்று இடத்தில் மடிக்க வேண்டிய உயரம். அவருக்கு மொழி சொல்ல, சென்னையிலிருந்து மாலதி என்றொரு பிள்ளை வந்திருந்தாள். துறையடியில் நின்றவர்கள் எல்லாம் "சாலி காக்கா, பாத்துப் போங்க" என்று கையசைத்தார்கள். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். மாலதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு லாசரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பறவை பார்ப்பதில் பைத்தியமான அந்த மனிதர் முகம் மலர்ந்து எனக்குக் கை கொடுத்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு 'மிஸ்டர் குரோ'.

அதைக்கூட மன்னித்தேன். மன்னிக்காதது வேறு. "இந்த ஆத்துல" என்று நான் கதை தொடங்கினதும், இது ஆறு இல்லை, வாவி என்று மாலதி திருத்தினாள். நாங்கள் பிறந்ததிலிருந்து இதை ஆறு என்றுதான் சொல்கிறோம். இத்தனை வருடமும் பிழையான தண்ணீரில் பிழைத்திருக்கிறேன் என்று அன்று காலையில்தான் தெரிந்துகொண்டேன். என் முகம் மாறினதைக் கண்டு, பெயருக்குத்தான் கோபம் என்று நினைத்து அவள் சமாதானம் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க காக்கா. எங்க ஊர்ல காக்கான்னா ஒண்ணு கத்தும், இல்ல திருடும். நீங்க ரெண்டும் பண்ணலையே."

பெயர் கேட்ட இடம்

எங்கள் வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. விடிந்து கொஞ்ச நேரம், பனிப்புகை கலைவதற்கு முன், நடுவில் நின்று பார்த்தால் இரண்டும் இருக்காது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தோணி ஏதோ ஒரு நினைப்புக்குள் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அப்படிப் போய்ப் பழுகாமத்துப் பக்கம் கண்டல் மரங்கள் வளைகிற இடத்தைத் தாண்டினால், தண்ணீர் திடீரென்று பச்சையாக மாறும். முழங்கால் அளவுதான் ஆழம். அதனால் எஞ்சின் தோணிகள் அங்கே திரும்புவதே இல்லை.

என் வாப்பா அந்த இடத்தைக் கொட்டப்பெட்டி என்று சொல்வார். கொட்டப்பெட்டி என்றால் இடுப்பில் செருகி வைக்கிற சின்ன ஓலைப் பை. பலர் பார்க்க அதைத் திறப்பதில்லை. வீட்டில் கல்யாணம், நோய் வருத்தம் என்று ஏதும் வந்தால் மட்டும் வாப்பா அங்கே போவார். இரண்டே வீச்சு வலை. பிறகு போகாதவர் மாதிரி வந்துவிடுவார். வாவியின் இறாலும் கொடுவாவும் குஞ்சாக இருக்கிற இடம் அது. நானும் நாற்பது வருடம் அப்படியே செய்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

முதல் நாள் அந்த வளைவைச் சுற்றிப் போகும்போது லாசர் சரியாக அங்கே கையைத் தூக்கினார். இந்த இடத்துக்கு என்ன பெயர், இங்கே என்ன இருக்கிறது என்று மாலதி கேட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன். "பேரும் இல்ல, ஒண்டும் இல்ல. சும்மா தண்ணி" என்றேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியதில் அவர்களுக்கு அடி தெரியவில்லை. லாசர் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். மாலதி கையைத் தட்டினாள்: "சும்மாத்தண்ணி! எவ்ளோ அழகான பேரு. யாருங்க காக்கா வச்சாங்க?"

சவளுக்குள் கேட்டது

அடுத்த வருடம் ஜப்பானிலிருந்து ஹனா வந்தார், மொழி சொல்ல மாலதியும் கூட. சின்ன உருவம், குறைந்த பேச்சு. இந்த வேலையில் எனக்குப் பிடித்துப்போன ஒரே ஆள். தண்ணீருக்குள் கேட்கிற சத்தத்தைப் பிடிக்கிற கருவி ஒன்று கொண்டுவந்திருந்தார். எங்கள் மீன் பாடுகிறது என்பதை உலகமே கேட்டுவிட்டது. பாடுவது மீனா, சிப்பியா, கல்லிடுக்கில் ஓடுகிற தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கிறதோடு சரி.

அன்று காலை கருவி வேலை செய்யவில்லை. ஹனா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். நான் எஞ்சினை நிற்பாட்டி, துடுப்புச் சவளை எடுத்து அதன் அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் இறக்கி, பிடியை அவருடைய காதில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோணி தன்பாட்டில் போனது. ஒரு நீர்க்காகம் கம்பின்மேல் சிறகை விரித்தபடி எங்களைக் கடந்து போனது. அது இருந்த இடத்திலேயே இருந்தது, நாங்கள்தான் போனோம் என்று பிறகுதான் விளங்கியது.

ஹனா கண்ணைத் திறந்தபோது நாங்கள் கொட்டப்பெட்டிக்குமேல் நின்றோம். நான் அங்கே திருப்பவில்லை, தண்ணீர்தான் கொண்டுபோய் விட்டது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மாலதி எனக்குச் சொன்னாள்: "ஹனாவோட அப்பாவும் மீன் பிடிக்கிறவராம் காக்கா. நல்ல இடம் எதுன்னு கேட்டா, மேல பாத்துக்கிட்டு, அங்க ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்வாராம்."

ஹனா அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

தொப்பி

அவர்கள் எழுதினதை வைத்துப் போட்ட வாவியின் வரைபடம் முடிந்ததும் நகரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தேத்தண்ணி, ரோல்ஸ், மூன்று நாட்டுக் கொடி. சுவரில் எங்கள் ஆறு முழு நீளத்துக்குத் தொங்கியது. பச்சை அடித்த இடமெல்லாம் பாதுகாப்பு. வலை போட ஏலாது, தோண்ட ஏலாது. பச்சைக்கு நடுவில் ஒரு நகத்தின் அளவு வெள்ளை. அதில் சும்மாத்தண்ணி என்று எழுதியிருந்தது. எனக்குள் ஒரு குளிர்ச்சி. கொட்டப்பெட்டி என் இடுப்பிலேயே இருந்தது.

போகும்போது எல்லாருக்கும் தொப்பி கொடுத்தார்கள். என் முறை வந்ததும் அதிகாரி தாளைப் பார்த்து, என் பெயர் லிஸ்டில் இல்லை என்றார். அவர்களை வாவி முழுக்கச் சுமந்தது நான். இடது கையால் என்னை விலத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இடது கை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழுகாமத்துத் தம்பிப்பிள்ளை, வயலோடு மீனும் பிடிக்கிற என் பழைய கூட்டாளி, தன் தொப்பியைச் சரிசெய்தபடி படத்தைக் காட்டினார்: "இஞ்ச பாருங்க மச்சான், முழுப் பச்சைக்கு நடுவுல ஒரு வெள்ளை. மேல இருந்து பாத்தா உங்கட வழுக்கை மாதிரியே கிடக்கு. அதுக்கும் தொப்பி கிடைக்கல்ல."

வெள்ளைச் சப்பாத்து

படம் வந்து ஒரு வருடம் இராது. காலில் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒருவர் துறையடிக்கு வந்தார். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஆள். "சும்மாத்தண்ணிக்குப் போகணும்" என்றார். எனக்குக் கையில் இருந்த கயிறு நழுவியது. அந்தப் பெயரை வாவியில் ஒருவரும் சொல்வதில்லை. அவர் போனில் படத்தைத் திறந்து காட்டினார். நாங்கள் போகப் போக, ஒரு நீலப் புள்ளி நேராக என் கொட்டப்பெட்டியைப் பார்த்து நகர்ந்தது.

மிதக்கிற ஹோட்டல் ஒன்று வரப்போகிறதாம். பெரிய படகுகள் வர ஆழம் வேண்டுமாம். கம்பை இறக்கி அளந்து, இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டினால் போதும் என்றார். அவர் கம்பு குத்தின இடத்தில் புல் கலைந்து சேறு புகையாக எழும்பியது. இதற்குள் மீன் குஞ்சு இருக்கிறது தம்பி, தோண்டினால் ஆறே வெறுமையாகிவிடும் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சப்பாத்தில் பட்ட சேற்றை லேஞ்சியால் துடைத்தபடி சொன்னார்: "மூணு நாட்டு ஆக்கள் வந்து பாத்து, இங்க ஒண்டும் இல்லையெண்டு எழுதியிருக்காங்க. படிச்சவங்க அவங்களா, நீங்களா ஐயா?"

வீட்டில்

என் மனைவி சுபைதாவிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பா, கொட்டப்பெட்டி, நான் சொன்ன பொய், வெள்ளைச் சப்பாத்து. எங்கள் மூத்தவளின் கல்யாணத்துக்கு வந்த இறால் எங்கே பிடித்தது என்பதையும் சொன்னேன். அவள் மீன் அரிவதை நிற்பாட்டவில்லை. "இஞ்சப் பாருங்க, சப்பாத்துக்காரனுக்குத் தெரியும், பொண்டாட்டிக்குத் தெரியா. மறுகா என்ன மறைப்பு? படம் போட்டவங்கக்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

மூன்று பேர் குப்புறப் படுத்த காலை

படத்துக்கு மூன்று நாடும் வைக்கிற கடைசிக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை பார்க்க லாசர், ஹனா, மாலதி மூன்று பேரும் வந்தார்கள். கையெழுத்து விழுந்தால் வெள்ளை வெள்ளைதான், தோண்டலாம். பச்சையாக மாறினால் ஒருவரும் வலை போட ஏலாது. நானும்தான். விடிகிற நேரம் அவர்களை ஏற்றினேன். கண்டல் வளைவில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பை ஊன்றித் தள்ளினேன். காற்று இல்லை. பனிப்புகைக்குள் எங்கள் தோணியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. "நான் அண்டைக்குப் பொய் சொன்னன். இப்ப குனிஞ்சி பாருங்க" என்றேன்.

மூன்று பேரும் ஒரே பக்கம் குப்புறப் படுத்தார்கள். தோணி சரிய, மறுபக்க விளிம்பில் நான் ஒருவன் பாரமாக இருந்தேன். கீழே புல், குளித்துவிட்டு ஒரு பக்கமாக வாரின தலைமுடி மாதிரி, மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து எழும்பியது. அதற்குள் கண்ணாடி போல இறால் குஞ்சுகள். கண் மட்டும் இல்லாவிட்டால் இருப்பதே தெரியாது. தீக்குச்சி நீளத்தில் கொடுவா. லாசர் கையை நீட்டி, தண்ணீரைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தார். நெடுநேரம் ஒருவரும் எழும்பவில்லை. நாற்பது வருடத்தில் அந்த இடத்தை வலையின் நினைப்பில்லாமல் பார்த்தது அன்றுதான்.

இதைப் படத்தில் பச்சையாக்கினால் உங்களுக்கும் கிடையாது, சம்மதமா என்று மாலதி கேட்டாள். ஓம், சம்மதம் என்றேன். லாசர் எழும்பி உட்கார்ந்து, என்னைக் காட்டி அவளிடம் ஏதோ சொன்னார். ஹனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாலதி சொன்னாள்: "சார் என்னைத் திட்டுறார் காக்கா. காக்கா கத்தும், திருடும்னு சொன்னியே, ஒளிச்சு வைக்கும்னு ஏன் சொல்லலைன்னு."

பலகை

வெள்ளைச் சப்பாத்து பிறகு வரவில்லை. தண்ணீருக்குள் கம்பு நட்டு மூன்று மொழியில் பலகை போட்டார்கள். தமிழில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். சும்மாத்தண்ணி, பாதுகாக்கப்பட்ட இடம். தொப்பிக்கார அதிகாரியும் வந்திருந்தார். இந்தமுறை லிஸ்டில் என் பெயர் முதலில் இருந்தது. தொப்பியை நீட்டினார், வலது கையால்தான். வெயில் இல்லை என்று சொல்லி வாங்கவில்லை. நல்ல வெயில்.

பெயர் பிழை, அது நான் சொன்ன பொய் என்று மட்டும் சொன்னேன். சரியான பெயர் என்ன என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. அவர் கேட்கவில்லை. "பேரை மாத்திறதெண்டா மூணு நாடும் மறுகா கையெழுத்து வைக்கணும் காக்கா. சும்மா கிடக்கட்டுமே."

இப்போதும் சில காலைகளில் பலகைக்கு இந்தப் பக்கம் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, சவளைத் தண்ணீரில் இறக்கிக் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். தோணி மெல்ல மெல்லக் கம்பு வரைக்கும் போகும், பிறகு தானே திரும்பும். கொட்டப்பெட்டி என்ற பெயரை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் நீங்களும் வானத்தைப் பாருங்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் உலகத்துக்கு எழுதக் கொடுத்த ஒரே சொல் மூன்று மொழியில் ஆற்றுக்கு நடுவில் நிற்கிறது, அதுவும் பொய்.