விசில் ஊதாத இறுதியாட்டம்

செசிலி தன் தம்பியின் காலைப் பார்க்காமல் விட்டது ஒரே ஒரு தடவைதான். 1954 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுப் படிப்பின் மூன்றாம் வருடத்தில் இருந்தாள். தம்பி கபிரியேல் அதே ஊரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தான். பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது அவன் வலது குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

"என்னலே, நொண்டுக?"

"பூட்ஸ் கடிச்சிட்டு. ஒண்ணுமில்ல."

"ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டு."

"கடப்புறத்துக் காலுக்கு ஆஸ்பத்திரியா? சிரிப்பாணுவ அக்கா."

அவளுக்கு வார்டில் வேலை இருந்தது. போய்விட்டாள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கால் என்பது கவலைப்படுகிற சாமானே இல்லை. சிப்பி கிழித்தாலும் மீன்முள் ஏறினாலும் உப்புத் தண்ணீரில் நாலு எட்டு நடந்தால் ஆறிவிடும். அந்தக் கறுத்த மணலில் வெறுங்காலோடு பந்தடித்துத்தான் கபிரியேல் கல்லூரிக் கால்பந்து அணியில் இடது ஓரத்து ஆட்டக்காரன் ஆனான். அந்த வருடம்தான் புதுச் சட்டம் வந்தது. பல்கலைக்கழகக் கோப்பைக்கு விளையாடுகிறவர்கள் எல்லோரும் பூட்ஸ் போட வேண்டும். அவன் யாரிடமோ இரவல் வாங்கிய பூட்ஸ் ஒரு விரற்கடை சிறியது. குதிகாலில் தோல் உரிந்தது. அங்கே கடல் இல்லை. விடுதிச் சமையற்காரர் மாட்டுத் தொழுவத்தின் மூலையில் கிடந்த வறட்டிச் சாம்பலை அள்ளிக் கொடுத்தார். அதை அப்பிக் கட்டிக்கொண்டு ஓடினான். வெளியே சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். கொச்சித் துறைமுகத்து அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் இறுதியாட்டத்துக்கு வருகிறார் என்று பேச்சு இருந்தது.

பதின்மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை, இறுதியாட்டம் நடந்தது. எதிரணி திருவனந்தபுரத்துக் கல்லூரி. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை அதே மைதானத்தில் மறுபடி ஆடுவது என்று முடிவாயிற்று. இடைவேளையில் கொடுத்த ஆரஞ்சுச் சுளையைக் கபிரியேல் கடிக்காமல் உதட்டில் வைத்து உறிஞ்சினான். "மாப்பிளைக்கு வெக்கம், வாயத் திறக்க மாட்டான்" என்று அணித் தலைவன் சிவதாணு கிண்டல் செய்தான். இது செசிலிக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியில் முழந்தாளிட்டிருந்தார்கள். பெண்கள் பக்கமிருந்து செசிலி பார்த்தாள். சாமியார் அப்பத்தை நீட்டியபடி நிற்கிறார். கபிரியேல் முகத்தை உயர்த்தியபடி இருக்கிறான். வாய் திறக்கவில்லை. சாமியார் காத்திருந்தார். பல்லோடு பல் ஒட்டியிருந்தது. உதடு மட்டும் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, சிரிப்பது போல இருந்தது.

செசிலி எழுந்தாள். ஆண்கள் பக்கம் பெண் போகிற வழக்கமில்லை. அவள் போனாள். தம்பியின் கையைப் பிடித்து எழுப்பி, பூசை முடியும் முன்பே வெளியே கூட்டி வந்து வாடகைக் காரில் ஏற்றினாள். ரணஜன்னி. புண்ணில் அழுக்கு ஏறி வருகிற டெட்டனஸ். வார்டில் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் பிழைக்கவில்லை.

ஊசி போட்டார்கள். மேல்மாடியில் கடைசி அறையில் கிடத்தினார்கள். அந்த நோய்க்கு வெளிச்சம் ஆகாது, தொடுவது ஆகாது, எல்லாவற்றையும் விட சத்தம் ஆகாது. ஒரு கரண்டி விழுந்தால் போதும், உடம்பு வில்லாக வளைந்து மூச்சு நின்றுவிடும். ஆனால் அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். அதுதான் அந்த நோயின் கொடுமை. செசிலி சன்னலில் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டாள். கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள். செருப்பைக் கழற்றி வராந்தாவில் போட்டாள். ஊரிலிருந்து வந்த அம்மா மகனைக் கண்டதும் நெஞ்சில் அறைந்து அழுதாள். உடனே அவனுக்கு இழுப்பு வந்தது. அதன் பிறகு அம்மாவை மேலே விடவில்லை. அவள் கீழே வேப்பமரத்தடியில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நாள் தாண்டினால் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை ஏழாவது நாள். மைதானம் ஆஸ்பத்திரி மதிலுக்கு அந்தப் பக்கம்.

புதன்கிழமை மாலை செசிலி, சிவதாணுவையும் கூட்டிக்கொண்டு ஆட்டக் குழுச் செயலாளர் முத்துநாயகத்தின் பலசரக்குக் கடைக்குப் போனாள்.

"ஆட்டத்தைத் தள்ளி வைக்க ஒக்காதும்மா. திங்கக்கிழமை அந்தப் பயலுவளுக்குப் பரீச்சை. மதில் கெட்டின மைதானமும் இது ஒண்ணுதான்."

"தள்ளி வைக்கச் சொல்லல்ல. ஆட்டம் நடக்கட்டும். சத்தம் வேண்டாமுன்னு கேக்கேன்."

முத்துநாயகம் தராசை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"நாலாயிரம் பேரு வருவான். பந்தாட்டம் பாக்க வந்தவன் கூவாம பின்ன செபமா சொல்லுவான்?"

"செபமே சொல்லட்டும். வாயத் திறக்காம சொல்லட்டும்."

"விசிலு?"

"கைலேஞ்சிய வீசலாம்லா அண்ணாச்சி" என்றான் சிவதாணு.

"போலே. எதிராளி சம்மதிக்கண்டாமா?"

"நான் போய்க் கேக்கேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் சிவதாணு திருவனந்தபுரம் போனான். அந்த அணியின் தலைவன் கதையைக் கேட்டுவிட்டு, தன் ஆட்களைக்கூடக் கேட்காமல் சரி என்று சொன்னானாம். முத்துநாயகமும் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் ஆள் விட்டுச் சொல்ல வைத்தார். வாசல்தோறும் கரும்பலகையில் எழுதி வைத்தார். ஐஸ்காரனின் மணி நாக்கில் துணி சுற்றச் சொன்னார்.

"இது பந்தாட்டமா, சாவு விழுந்த துஷ்டி வீடாவே?" என்று டிக்கெட் வாங்க நின்ற ஒருவன் கேட்டானாம்.

"துஷ்டி வீடு ஆகாம இருக்கத்தாம்லே. வாயப் பொத்திட்டு உள்ள போ" என்றாராம் முத்துநாயகம்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம் என்ற கணக்கில் ஆட்டம் தொடங்கியது. இருட்டு அறையில் செசிலி கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எந்தச் சத்தமும் இல்லை. கூர்ந்து கேட்டால் மட்டும், தூரத்தில் பந்து உதைபடுகிற சத்தம் தொம், தொம் என்று மெத்தென வந்தது. அதற்கு அவன் உடம்பு துள்ளவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அரை மணி கழித்து அவன் பல்லிடுக்கு வழியாகப் பேசினான். ஒவ்வொரு வார்த்தையும் அரைபட்டு வந்தது.

"ஆட்டம்... நடக்கா?"

"நடக்குது."

"ஆளே... வரல்லியா?"

அவன் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்திருந்தது. செசிலிக்கு அப்போதுதான் புரிந்தது. சத்தத்தை நிறுத்த ஊரையே திரட்டியவள், அவனிடம் மட்டும் சொல்லவில்லை. தன் கல்லூரி ஆடும் இறுதியாட்டத்துக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை என்று அவன் அரை மணி நேரமாக நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

அவன் காதருகே குனிந்தாள். மூச்சுக்காற்றாலேயே சொன்னாள்.

"நாலாயிரம் பேரு நிக்காவ மக்கா. ஒனக்காக வாயப் பொத்திட்டு நிக்காவ. விசிலுகூட இல்ல."

தொம், தொம் என்ற சத்தத்துக்கு அவன் காது கொடுத்தான்.

"கூட்டம்... கூவாம... எப்பிடி ஆடுகான்?"

"ஆடுகான்."

"லெப்டுல... ஆரு?"

"ரசலையன்."

"அவன்... பந்த விடமாட்டான். முடியட்டும். நிறுத்தண்டாம்."

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இழுப்பு வந்தது. எந்தச் சத்தமும் அதைக் கொண்டுவரவில்லை. பந்து உதைபடுகிற சத்தம்கூட அப்போது இல்லை. முதுகு கட்டிலை விட்டு எழும்பியது, முகம் நீலம் பாரித்தது. டாக்டர் ஓடி வந்தார். செய்ய வேண்டியதைச் செய்தார்கள். உடம்பு தளர்ந்து படுக்கையில் விழுந்தபோது மூச்சு திரும்பி வரவில்லை.

டாக்டர் அவளைப் பார்த்தார். கம்பளி தொங்கிய சன்னல் பக்கம் பார்த்தார். "தாயாரிடம் சொல்ல வேண்டும்" என்றார்.

"ஆட்டம் முடிய இன்னும் அரை மணி இருக்கு டாக்டர்."

அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனார்.

அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள். அந்த அழுகை மதிலைத் தாண்டும். ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுபோகும். இதை யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வேலையும் இருந்தது. வெந்நீர் எடுத்து வந்தாள். ஏழு நாளாகத் திறக்காத தாடை இப்போது கைக்கு இணங்கியது. பஞ்சை நனைத்து வாயைத் துடைத்தாள், ஒவ்வொரு பல்லாக. பிறகு கால் பக்கம் வந்து வலது குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். புண் ஏறக்குறைய ஆறியிருந்தது. ஒரு காலணா அளவுக்குத்தான் இருந்தது.

சன்னல் கம்பளியை ஒரு ஓரம் விலக்கினாள். மைதானம் தெரிந்தது. மதில் மேலும் மரத்தின் மேலும் ஆட்கள். ஒருவர் வாயும் அசையவில்லை. நடுவர் விசிலுக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வீசினார். கொஞ்ச நேரத்தில் பந்து திருவனந்தபுரத்து வலைக்குள் போனது. நாலாயிரம் கைகள் மேலே எழும்பின, துண்டுகள் சுழன்றன, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. செத்துக் கிடந்தவனுக்காக அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

ஆட்டம் முடிந்து, சிவதாணு பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தான். படியில் இடித்துச் சத்தம் கேட்காதபடி கோப்பையைத் துண்டில் சுற்றியிருந்தான். வாசலில் நின்று குசுகுசுவென்று பேசினான்.

"ஒண்ணுக்குப் பூச்சியம் அக்கா. ரசலையந்தான் போட்டான். ஒரு பய மூச்சு விடல்ல, கேட்டியளா. உறங்குகானா?"

"இனி சத்தம் போடலாம் மக்கா" என்றாள் செசிலி.

அவன் கதவிடுக்கு வழியாகக் கட்டிலைப் பார்த்தான். பிறகு கோப்பையைத் தரையில் வைத்தான். அப்போதும் சத்தம் வராமல்தான் வைத்தான்.

அவள் கீழே இறங்கி வேப்பமரத்தடிக்குப் போனாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பம்?"

"அஞ்சுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போ."

அம்மா திரும்பி ஆஸ்பத்திரி முகப்பிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபத்தைந்து. பிறகுதான் அவள் குரல் எழும்பியது. ஒன்றரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றுவிட்டு, வெளியே வந்த பிறகும் பேசாமல் போய்க்கொண்டிருந்த கூட்டம் அப்படியே ரோட்டில் நின்றது. தலையில் துண்டு கட்டியிருந்தவர்கள் அவிழ்த்தார்கள்.

அடக்கம் முடிந்து ஊரில், மூன்றாம் நாள், அடுப்படியில் இருந்தபோது அம்மா அதைக் கேட்டாள்.

"எனக்க பிள்ளைய அரை மணிக்கூர் எனக்குத் தராம வச்சிருந்தியேட்டி?"

"ஆமா" என்றாள் செசிலி.

விறகை உள்ளே தள்ளினாள். அதற்கடுத்த திங்கட்கிழமை வார்டுக்குப் போனாள். அதன் பிறகு கால் புண்ணோடு யார் வந்து ஒன்றுமில்லை என்று சொன்னாலும், கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் அவள் விட்டதில்லை.